முப்பத்தேழாவது கோது

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மலை அணில், மயில் ஆகியவற்றை எண்ணி எழுதித் தரும்படி அரசாங்கம் நாட்டு மக்கள் எல்லாரையும் கேட்டிருந்தது. ஐந்தே நிமிடக் கணக்கெடுப்பு. சனிக்கிழமை, நோன்பு நாள். படிவத்தை எடுத்துக்கொண்டு மிளகுக் கொடிகளுக்குள் போய் நின்றேன். பேனை எழுதவில்லை. உள்ளே ஓடி வந்து, வாப்பாவின் அலுமாரிக் கீழ் லாச்சியில் பென்சில் தேடினேன். பென்சில் கிடைத்தது. அதோடு அந்தப் பிஸ்கட் தகரமும் கையில் தட்டுப்பட்டது.

குரங்குகள் பதினொன்று, மலை அணில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். அன்று முழுக்க மனம் தகரத்திலேயே கிடந்தது.

அதற்குள் இருப்பவை கோதுகள். சுட்டு முடிந்த தோட்டாவில் மிஞ்சும் வெறும் பித்தளைக் குழலை எங்கள் ஊரில் கோது என்போம். சிங்கள அயலவர்களுக்குத் தோட்டா 'பத்தரொம'. ஒல்லாந்தர் தங்கள் மொழியில் 'பத்ரோன்' என்பார்கள். நாம் சொல்லும் துவக்கும் துருக்கியரின் 'துஃபெக்' நடந்து நடந்து தேய்ந்த சொல்தான். ஆயுதம் வந்த வழியாகவே அதன் பெயரும் வந்திருக்கிறது.

உக்குவளைக்குக் கிட்ட, சுது கங்கைக் கரையில் எங்கள் ஊர். மிளகு, கொக்கோ, கொஞ்சம் வயல். வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்போம். அவரிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு பன்னிரண்டாம் நம்பர் ஒற்றைக் குழல் துவக்கு இருந்தது. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை வரும், அதனால்தான் பன்னிரண்டு. எனக்கு வகுத்தல் கணக்கை வாப்பா இப்படித்தான் சொல்லித் தந்தார். உருண்டை சிறுத்தால் இறாத்தலுக்கு எண்ணிக்கை கூடும், ஆகவே நம்பர் கூடக் கூடக் குழல் சிறியது. பெரிய எண் சிறிய பொருளைக் குறிப்பது எனக்கு அந்த வயதில் பெரிய அதிசயம்.

துவக்கு காட்டுப் பன்றிக்காக. மரவள்ளியும் நெல்லும் பன்றிக்குத் தப்பினால்தான் வீட்டுக்கு. பெரும்பாலும் வெருட்டத்தான் சுடுவார்கள். எப்போதாவது ஒன்று விழுந்துவிட்டால் வாப்பா கிட்டவும் போகமாட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த வெல்விதானை மாமாவுக்குச் சொல்லி அனுப்புவார். அவர் ஆட்களோடு வந்து தூக்கிப் போவார். வெல்விதானைப் பதவி எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் சாகும்வரை அவரோடு இருந்தது. தோட்டாச் செலவு எங்களுக்கு, இறைச்சி அவர்களுக்கு. பதிலுக்கு ஒரு போத்தல் கித்துல் பாணி வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலை யாரும் ஒரு நாளும் நல்லிணக்கம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மாத்தளைக்கும் துவக்குக்கும் பழைய வழக்கு. 1848இல் ஆங்கிலேயர் துவக்குக்கு வருடம் இரண்டரை ஷிலிங் வரி போட்டார்கள். நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும்கூட வரி. அந்த வரிகளுக்கு எதிராக எழுந்த கலகத்தில்தான் புரன் அப்பு பிடிபட்டுக் கண்டியில் சுடப்பட்டார். துவக்கு வைத்திருப்பவன் கணக்குக் காட்ட வேண்டியவன் என்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது. அப்பாவின் துவக்கு 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டது.

அப்பா ஐம்பது பித்தளைத் தோட்டாக்கள் வாங்கியிருந்தார். அடிவட்டத்தில் சிலவற்றில் ஈலி என்றும் சிலவற்றில் கைனொக் என்றும் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். ஒன்று 1828இல் இலண்டனில் தொடங்கிய கம்பனி, மற்றது 1862இல் பர்மிங்காம் பக்கத்தில் தொடங்கியது. கடதாசிக் கோதுகள் மலிவு. ஆனால் நம் மழைக்கு அவை ஊதிப் பெருத்து, துவக்குக்குள் நுழையவே மறுக்கும். பிளாஸ்டிக் கோது அமெரிக்காவில் வந்ததே 1960இல். பித்தளை ஈரத்துக்கு ஊதாது. சுட்ட பிறகு எறியவும் தேவையில்லை. பழைய கேப்பைக் கழற்றிப் புதிய கேப்பு வைத்து, மருந்தும் தக்கையும் சன்னமும் நிரப்பினால் அது மறுபடியும் தோட்டா. அப்பாவின் காலத்தில் அந்த வேலைக்குக் கண்டிப் பக்கத்துத் துவக்கு ஆசாரி ஒருவர் இருந்தார். கோதுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய், நிரப்பி வாங்கி வருவார்களாம்.

அந்த ஐம்பதில் பதின்மூன்றை அப்பா தன் அறியாமையால் இழந்தார். சாக்கை ஆட்டுக் கொட்டில் வளையில் தொங்க விட்டிருந்தார். மாரி முடிந்து இறக்கிப் பார்த்தபோது பதின்மூன்று கோதுகளில் நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு. ஒருவரும் தொடவில்லை, ஒன்றும் விழவில்லை. கண்ணூறு என்று உம்மும்மா சொன்னாராம். வாப்பா மட்டும் "ஆட்டு மூத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் நம்பவில்லை.

பல வருடம் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இருந்தபோது விஞ்ஞானப் புத்தகமொன்றில் இதே கதையைப் படித்துத் திடுக்கிட்டேன். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே வெடித்தன. பருவ வெடிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1921இல்தான் மூவர் சேர்ந்து முழுக் காரணத்தையும் விளக்கினார்கள். தோட்டாப் பித்தளையில் நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது நாகம். அதைக் குழலாக இழுக்கும்போது உலோகத்துக்குள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் ஈரமும் சேர்ந்து அந்த இறுக்கம் உள்ள இடத்தைத் தேடிப் பிளக்கின்றன. இழுத்த பிறகு அளவாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் பிளக்காது. விடுமுறையில் வந்து வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வலது காதைத் திருப்பிக் கேட்டார். "வெள்ளக்காரனும் கொட்டில்லதான் வெச்சீக்கான்" என்று சிரித்தார்.

ஆக மிஞ்சியவை முப்பத்தேழு. அப்பா மௌத்தான பிறகு அவை வாப்பாவின் பொறுப்புக்கு வந்தன. வாப்பா பள்ளிவாசல் கணக்கும் எழுதியவர். கணக்கில்லாமல் ஒரு தேங்காயும் வீட்டில் நிற்காது. சுட்ட கோதை அன்றைக்கே சுடுநீரில் கழுவ வேண்டும் என்பார். பழைய கேப்புகளின் கரி உப்பைப் போல ஈரத்தை இழுத்துப் பித்தளையைத் தின்னும். பிறகு தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு முக்கு, நல்ல தண்ணீரில் அலசல், பாயில் வெயில். மினுக்குவதற்காக விற்கும் திரவங்களைத் தொடவிடமாட்டார். அவற்றில் சிலவற்றில் அதே அமோனியா இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, மணத்தை வைத்துச் சொல்லியிருப்பார்.

அடுக்கும் முறைதான் விசேஷம். சுவரோரப் பலகையில் ஆறு சிரட்டைகள் வரிசையாக இருக்கும். ஒரு தடவை நிரப்பியது முதலாம் சிரட்டையில், இரண்டு தடவை நிரப்பியது இரண்டாவதில், இப்படியே. ஒவ்வொரு தடவை சுடும்போதும் கோது விரிந்து சுருங்கும், அதில் பித்தளை களைத்துப்போகும். ஆறாம் சிரட்டைக்கு வந்தது இளைப்பாறியது, அதை இனி நிரப்பக்கூடாது. எல்லாம் கவிழ்த்து வைக்க வேண்டும், பூச்சி கூடு கட்டாமல். வாய் நெளிந்ததும் அடிவட்டம் கறுத்ததும் தனியாக. நீளத்திலும் இரண்டு வகை இருந்தன. பழைய ஆங்கிலத் துவக்கின் குட்டை அறைக்குள் நீளக் கோதைப் போட்டால் வாய் விரிய இடமில்லாமல் குழலே வெடிக்கலாம். நீளமானவற்றில் சிவப்பு நூல் கட்டியிருப்பார். இன்றைக்கு என் வகுப்பில் பிள்ளைகளின் கொப்பிகளை நான் அடுக்கும் விதத்தைப் பார்த்து என் மனைவி சொல்வாள், இது சிரட்டைப் புத்தி என்று.

எழுபதுகளில் எல்லாம் நின்றுபோயிற்று. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு துவக்கு, மருந்து என்றாலே சந்தேகம். அந்த ஆசாரியும் தொழிலை விட்டார். 1956ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டம் இருக்கும்போது அனுமதியில்லாமல் வீட்டில் மருந்து வைப்பதை வாப்பா நினைத்தும் பார்க்கமாட்டார். அனுமதிக்குக் கிடைத்த சில தோட்டாக்களை வாங்கிச் சுடுவார். பித்தளைக் கோதுகள் மட்டும் நிரப்புவாரில்லாமல் சிரட்டைகளில் காத்திருந்தன. வருடத்துக்கு இரண்டு தடவை அவற்றை இறக்கிக் கழுவி, எண்ணி, கொப்பியில் எழுதுவார். கொப்பி அரபுத்தமிழில். மதரஸாவில் கற்ற எழுத்து, வலமிருந்து இடம். ஒவ்வொரு கோதுக்கும் ஓர் இலக்கம், பிறை, எத்தனை தடவை நிரப்பியது, என்ன சங்கதி.

பிறகு 88 வந்தது.

அந்த வருடக் கடைசியில் ஒரு இரவு, முகத்தைத் துணியால் கட்டிய பையன்கள் நாலைந்து பேர் வந்து துவக்கைக் கேட்டார்கள். அந்த ஆண்டுகளில் மக்கள் விடுதலை முன்னணியினர் கிராமத்துத் துவக்குகளை வீடு வீடாகச் சேகரித்தது எல்லாரும் அறிந்த வரலாறு. வந்தவர்கள் யாரென்று வாப்பா கேட்கவில்லை. துவக்கையும் இருந்த நாலு தோட்டாவையும் கொடுத்தார். ஒருவன் சிரட்டைகளை டோர்ச் அடித்துப் பார்த்து, வெறும் கோதென்று விட்டுவிட்டுப் போனான். மறுநாள் வாப்பா சிரட்டைகளைக் கலைத்து, எல்லாவற்றையும் பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு அலுமாரிக்குள் வைத்தார்.

எனக்கு அப்போது ஒன்பது. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பள்ளிக்கூடம் திறந்த நாட்களை விட மூடிய நாட்களே அதிகம். சும்மா இருக்கும் பையனுக்குப் பித்தளைக் கோதைப் போல விளையாட்டுச் சாமான் வேறில்லை. கீழுதட்டில் வைத்து வாய்க்குக் குறுக்கே ஊதினால் கூர்மையான விசில் வரும். 1989 செப்டெம்பரில் தகரத்திலிருந்து ஒன்றை எடுத்தேன். ஆற்றங்கரையில் ஊதுவேன், வீட்டில் மதரஸாப் பைக்குள் ஒளித்து வைப்பேன்.

ஒரு பின்னேரம் சீருடை போட்டவர்கள் வந்தார்கள். துவக்கு எங்கே என்று முதலில் கேட்டார்கள். வாப்பா நடந்ததைச் சொன்னார். அலுமாரியைக் கிளறியதில் தகரம் வந்தது, கொப்பி வந்தது. துவக்கு இல்லாதவன் கோதை ஏன் சேர்க்கிறான்? யாருக்கு நிரப்பிக் கொடுக்கிறான்? இது என்ன எழுத்து? வாப்பா உம்மாவின் கட்டிலில் உட்கார்த்தப்பட்டு வாசித்தார், சிங்களத்தில் சொல்லிச் சொல்லி. நம்பவில்லை. பள்ளிவாசலிலிருந்து லெப்பையைக் கூட்டி வந்து, வாப்பாவின் காதில் விழாமல் முற்றத்தில் நிறுத்தி அதே கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார்கள். நான் லெப்பைக்குப் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானா திண்ணையில். அவருக்குப் பதினெட்டு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார்.

லெப்பை வாசித்தார். கழுவிய நாள், கறுத்தவை எத்தனை, மொத்தம் முப்பத்தேழு. வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்று, தலையை உயர்த்தி என்னையும் திண்ணையையும் பார்த்துவிட்டு, கொப்பியை மூடினார். "எச்சரய்" என்றார். அவ்வளவுதான் என்று. இரண்டு பேர் வாசித்ததும் ஒன்றாக இருந்தது.

பாயில் தகரத்தைக் கொட்டி எண்ணினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, பித்தளை பித்தளையில் படும் சத்தம். முப்பத்தாறு. திரும்ப எண்ணினார்கள். முப்பத்தாறு.

"கோ அனிக் எக்க?"

மற்றது எங்கே. வாப்பா தொலைந்துவிட்டது என்றார். தொலைந்தால் கொப்பியில் ஏன் முப்பத்தேழு என்று கேட்டார்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. இத்தனை ஒழுங்காகக் கணக்கு வைத்த மனிதனுக்கு ஒன்று தொலைந்தது தெரியாது என்பதை எவன் நம்புவான்? மதரஸாப் பை என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. அம்ம ஜுஸுவுக்குப் பின்னால் கோது. கையை நீட்டினால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். என் நாக்கு அசையவில்லை.

வாப்பாவைக் கொண்டுபோனார்கள். கொப்பியை முற்றத்துச் சேற்றில் எறிந்தார்கள். உம்மா அதை எடுத்து, அடுப்படியில் பக்கம் பக்கமாக உலர்த்தினார்.

விடியற்காலையில் நான் பையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய் கோதை எறிந்தேன். 1976 முதல் பொல்கொல்லையிலிருந்து சுரங்கத்தின் வழியாக மகாவலித் தண்ணீர் வந்து சுது கங்கையில் சேர்கிறது. ஆறு அன்றும் நிரம்பித்தான் போனது. விழுந்த இடம்கூடத் தெரியவில்லை.

வெல்விதானை மாமாவும் பன்சலையின் ஹாமதுருவும் போய்ப் பேசினார்கள். மூன்றாம் நாள் வாப்பா வந்தார். இடது காது அன்றோடு கேட்காமல் போனது. அங்கே நடந்ததை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தது அவ்வளவுதான், மற்ற வீடுகளுக்கு வந்ததோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்தில் எம்பிலிப்பிட்டியில் பாடசாலை மாணவர்களே காணாமற்போனார்கள். எங்கள் பக்கத்திலும் திரும்பி வராதவர்கள் உண்டு.

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் வெட்டும்போது மனித எலும்புகள் வந்தன. நூற்றைம்பது பேருக்கும் மேல். எந்தக் காலத்தவை என்பதில் ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் வந்தன. வாப்பாவுக்கு அப்போது எண்பது வயது. வானொலியை வலது காதோடு வைத்துச் செய்தி கேட்டார். பிறகு தகரத்தைக் கொண்டு வரச் சொல்லி, தேசிக்காய் வெட்டி, ஒவ்வொரு கோதாகக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். இருபத்துமூன்று வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய்க் குந்தினேன். வாயில் வந்தது வேறு.

"ஒண்டு கொறயுதே வாப்பா."

"கொறயட்டும் மகன். ஈக்கிறத களிம்பு புடிக்காம வெச்சாப் போதும்."

2016இல் வாப்பா மௌத்தானார். லெப்பை அதற்கு முன்பே போய்விட்டார்.

குரங்கு எண்ணிய அன்று பின்னேரம், நோன்பு திறக்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது, கொப்பியை எடுத்தேன். எனக்கு அரபுத்தமிழ் சரளமாக வராது. எழுத்து தெரியும், ஓசையைக் கூட்டிக் கூட்டித்தான் தமிழ் வரும். ஒரு மொழி ஆசிரியன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். சேறு காய்ந்த கடைசிப் பக்கத்தில் மொத்தம் முப்பத்தேழு என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஹிஜ்ரி 1410, ஸபர் பிறை 9. அவர்கள் வந்ததற்கு இரண்டு வாரம் முன்.

'37. மகன் எடுத்தான்.'

மூன்று தடவை கூட்டி வாசித்தேன். வாப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் எடுத்ததைக் கண்டும் கேட்காமல், கணக்கை மட்டும் எழுதி வைத்திருக்கிறார். உம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து வாசித்தபோது அந்த வரியை விட்டுவிட்டார். அவர் விட்டது தெரியாமலே முற்றத்தில் லெப்பையும் விட்டார். எழுதியிருந்தது மகன் என்று மட்டும். எந்த மகன் என்று இல்லை. வந்தவர்கள் தேடியது பத்து வயதுப் பையனையல்ல. திண்ணையில் பதினெட்டு வயதில் ஒரு மகன் உட்கார்ந்திருந்தார்.

பழைய பித்தளை வாங்குபவர் மாதம் ஒரு தடவை லொறியோடு எங்கள் ரோட்டுக்கு வருகிறார். பிலிமத்தலாவைப் பக்கம் விளக்கு வார்ப்பவர்களுக்குக் கொண்டுபோவதாகச் சொல்வார். தகரத்தைப் பற்றி ஒரு தடவை கேட்டும் இருக்கிறார். கிலோக் கணக்கில் பெரிய தொகையில்லை. அனுமதிப்பத்திரமில்லாத வீட்டில் கோதை வைத்திருப்பது தேவையில்லாத தலையிடி என்று மனைவியும் சொல்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் அன்று இரவு தராவீஹ் முடிந்து வந்து, குசினியிலிருந்து ஆறு சிரட்டைகள் எடுத்துத் துடைத்தேன். கொப்பியைப் பார்த்துப் பார்த்து, எது எந்தச் சிரட்டை என்று பிரித்தேன். நூல் எல்லாம் உக்கிப் போயிருந்தது, புதிதாகக் கட்டினேன். முப்பத்தேழாவது இரண்டாம் சிரட்டையில் இருந்திருக்க வேண்டியது.

பிறகு புத்தளத்தில் இருக்கும் நானாவுக்குப் போன் எடுத்து அந்த வரியை வாசித்தேன். கோதை எடுத்தது நான், ஆற்றில் எறிந்தது நான், எல்லாம் சொன்னேன். மறுபக்கத்தில் வெகு நேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"ஈக்கிறன்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "ஊதினா விசில் நல்லா வருமா அதுல?" என்று கேட்டார்.

நல்லா வரும் நானா என்றேன்.